ஒரே சர்க்கரை, இரண்டு கடத்திகள்: குளூட், எஸ்.ஜி.எல்.டி. ஓர் ஒப்பாய்வு

ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையில் ஃப்ளோரிசின் என்றொரு கசப்புப் பொருள் உண்டு. 1835-இல் ஐரோப்பிய வேதியியலாளர்கள் அதைப் பிரித்தெடுத்தார்கள். சிங்கோனாப் பட்டையைப் போலக் கசந்ததால் காய்ச்சலுக்கு ஆகும் என்று நம்பினார்கள். 1880-களில் ஜெர்மானிய மருத்துவர் யோசப் ஃபான் மேரிங் அதைக் கொடுத்துப் பார்த்தபோது நடந்தது வேறு: சிறுநீரில் சர்க்கரை இறங்கியது. ஃப்ளோரிசின் மூலக்கூற்றை உடைத்தால் ஒரு துண்டு குளுக்கோஸ், மறு துண்டு ஃப்ளோரிடின். உடையாத ஃப்ளோரிசின், சர்க்கரையைச் செல்லுக்குள் கொண்டுபோகும் ஒரு வகைப் புரதத்தை முடக்குகிறது. உடைந்து பிரிந்த ஃப்ளோரிடின், அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு வகையை முடக்குகிறது. முதல் வகைக்குப் பெயர் எஸ்.ஜி.எல்.டி., இரண்டாவதற்குப் பெயர் குளூட். நாம் சாப்பிடும் சோற்றின் ஒவ்வொரு குளுக்கோஸ் மூலக்கூறும் இந்த இரண்டின் வழியாகத்தான் உடலுக்குள் பயணம் செய்கிறது.

கடத்தி எதற்கு என்று கேட்கலாம். செல்லைச் சுற்றியுள்ள சவ்வு கொழுப்பால் ஆனது. குளுக்கோஸோ தண்ணீரோடு ஒட்டி உறவாடும் பொருள். கொழுப்புப் படலத்தைத் தானாகக் கடந்துபோக அதற்கு வழியில்லை. ஆகவே சவ்வில் குறுக்கே பதிந்து நிற்கும் புரதங்கள் அதை வாங்கி மறுபுறம் விட வேண்டும். அப்படிப்பட்ட புரதங்களுக்கான கட்டளை மரபணுக்களில் இருக்கிறது. குளூட் குடும்பத்தின் மரபணுக்களுக்கு எஸ்.எல்.சி.2.ஏ என்று வரிசைப் பெயர். மனிதரிடம் 14 உண்டு. எஸ்.ஜி.எல்.டி. குடும்பத்துக்கு எஸ்.எல்.சி.5.ஏ, அதில் 12. இவ்வளவும் சர்க்கரைக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். குளூட்-9 முக்கியமாகக் கடத்துவது யூரிக் அமிலத்தை. கௌட் என்னும் மூட்டுநோயோடு அதன் மரபணுவுக்குத் தொடர்பு உண்டு. எஸ்.ஜி.எல்.டி.யின் உடன்பிறப்பு ஒன்று தைராய்டு சுரப்பியில் உட்கார்ந்துகொண்டு அயோடினை உள்ளே இழுக்கிறது. குடும்பப் பெயரை வைத்து வேலையைத் தீர்மானிக்க முடியாது என்பதற்கு இவை இரண்டும் போதும்.

குளூட் செய்யும் வேலை எளிமையானது. குளுக்கோஸ் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கத்திலிருந்து குறைவான பக்கத்துக்குக் கொண்டுபோகும். புரதம் ஒரு சமயத்தில் ஒரு பக்கம் மட்டுமே திறந்திருக்கும்; சர்க்கரை உள்ளே வந்து அமர்ந்ததும் அந்தப் பக்கம் மூடி மறுபக்கம் திறக்கும். செல்லுக்கு இதில் ஆற்றல் செலவு கிடையாது. உள்ளே அதிகமானால் அதே வழியாக வெளியேயும் விடும். கல்லீரல் செல்லில் இருக்கும் குளூட்-2 சாப்பிட்டவுடன் சர்க்கரையை உள்ளே எடுப்பதும், பட்டினியின்போது வெளியே விடுவதும் இப்படித்தான்.

எஸ்.ஜி.எல்.டி. அப்படியல்ல. அது சர்க்கரையைக் குறைந்த இடத்திலிருந்து நிறைந்த இடத்துக்கு, அதாவது மேட்டை நோக்கி, ஏற்றுகிறது. அதற்கு வேண்டிய விசை சோடியத்திடமிருந்து வருகிறது. கமலை ஏற்றத்தை நினைத்துப் பாருங்கள்: மாடுகள் சரிவில் இறங்கும்போது சால் கிணற்றிலிருந்து மேலே வருகிறது. செல்லுக்கு வெளியே சோடியம் மிகுதி, உள்ளே குறைவு. அது உள்ளே இறங்கும் வேகத்தில் சர்க்கரையும் கூடவே ஏறிவிடுகிறது. இறங்கிய மாட்டை மறுபடி மேலே கொண்டுவருவதுபோல், உள்ளே வந்த சோடியத்தை வெளியேற்ற ஒரு பம்பு இருக்கிறது. உண்மையான செலவு அங்கேதான். அந்த சோடியம்-பொட்டாசியம் பம்பை 1957-இல் டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ கண்டறிந்தார்; நோபல் பரிசு அவருக்குக் கிடைக்க நாற்பது ஆண்டுகள் ஆயின. சர்க்கரையும் சோடியமும் ஒன்றாகப் பயணிக்கின்றன என்ற கருத்தை 1960 ஆகஸ்டில் பிராக் நகரில் நடந்த கருத்தரங்கில் முன்வைத்தவர் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன். ஒரு பொருளின் இறக்கம் இன்னொரு பொருளை ஏற்றும் என்பதை உயிரியல் அதற்குமுன் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

இந்தச் செலவுக் கணக்கைச் சற்று அருகில் போய்ப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் மற்ற வேறுபாடுகள் எல்லாம் இதிலிருந்தே கிளைக்கின்றன. பம்பு, செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியேற்றும். எஸ்.ஜி.எல்.டி.-2 ஒரு சர்க்கரைக்கு ஒரு சோடியம் வாங்குகிறது. ஆக ஓர் ஏ.டி.பி.க்கு மூன்று சர்க்கரை. எஸ்.ஜி.எல்.டி.-1 ஒரு சர்க்கரைக்கு இரண்டு சோடியம் கேட்கிறது, ஓர் ஏ.டி.பி.க்கு ஒன்றரைதான். விலை இரட்டிப்பு. ஆனால் கிடைக்கும் பலன் இரட்டிப்பு அல்ல. சோடியத்தின் செறிவு வேறுபாட்டையும் சவ்வின் மின்னழுத்தத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஒரு சோடியத்தைக் கொண்டு சர்க்கரையை ஏறத்தாழ நூறு மடங்கு செறிவுக்கு ஏற்றலாம். இரண்டைக் கொண்டு பத்தாயிரம் மடங்கு வரை ஏற்றலாம்.

சிறுநீரகத்தில் இந்த இரண்டும் எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். நம் சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. அதோடு சுமார் 180 கிராம் குளுக்கோஸும் வடிந்துவிடுகிறது. ஆரோக்கியமானவரின் சிறுநீரில் சர்க்கரை இல்லை என்றால் அவ்வளவும் மீட்கப்படுகிறது என்று பொருள். சிறுநீரக நுண்குழாயின் முன்பகுதியில், சர்க்கரை தாராளமாக இருக்கும் இடத்தில், மலிவான எஸ்.ஜி.எல்.டி.-2 நின்று 90 சதவீதத்தை வாரி எடுக்கிறது. குழாயின் பின்பகுதியில், மிச்சம் மீதி மட்டும் ஓடிவரும் இடத்தில், விலை கூடிய எஸ்.ஜி.எல்.டி.-1 நிற்கிறது. கடைசித் துளியைப் பிடிக்க மட்டும் அதிக விலை. இதைவிடச் சிக்கனமான ஏற்பாட்டை நான் உயிரியலில் அதிகம் பார்த்ததில்லை.

சிறுகுடலில் இரண்டு குடும்பங்களும் ஒரே செல்லில் வேலை செய்கின்றன. உணவு வரும் பக்கத்துச் சவ்வில் எஸ்.ஜி.எல்.டி.-1, ரத்தத்தைப் பார்த்த பக்கத்துச் சவ்வில் குளூட்-2. முதலாவது சர்க்கரையைச் செல்லுக்குள் ஏற்றிக் குவிக்கிறது. குவிந்த சர்க்கரை இரண்டாவதன் வழியாகத் தானே ரத்தத்துக்குள் இறங்குகிறது. பாடப்புத்தகங்கள் செலவுள்ள கடத்தலை மேலானதாகவும் செலவில்லாததைச் சாதாரணமானதாகவும் காட்டுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏற்றிய சர்க்கரையை இறக்க ஆளில்லை என்றால் ஏற்றியது வீண்.

தொழில் ஒன்றாக இருந்தாலும் இவற்றுக்கு மூதாதை ஒன்றல்ல. குளூட் புரதம் சவ்வை 12 முறை ஊடுருவி மடிகிறது, எஸ்.ஜி.எல்.டி. 14 முறை. மடிப்பின் அமைப்பே வேறு வேறு. 2014-இல் பெய்ஜிங்கின் சிங்குவா பல்கலைக்கழகத்தில் நியெங் யான் குழு மனித குளூட்-1-இன் முப்பரிமாண அமைப்பைப் படிக ஆய்வின் வழியே வெளியிட்டது. எஸ்.ஜி.எல்.டி. வகையில் முதலில் 2008-இல் ஒரு பாக்டீரியாவின் புரதம்தான் பிடிபட்டது. மனிதப் புரதத்தின் அமைப்பு தெரிய மேலும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

மரபணுக்களைப் பிடித்த கதையிலும் அதே வேறுபாடு. குளூட்-1 மனித ரத்தச் சிவப்பணுவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகளாகக் கொட்டிக்கிடக்கிறது. சிவப்பணுவுக்கு உட்கருவும் இல்லை, மைட்டோகாண்டிரியாவும் இல்லை. குளுக்கோஸ் ஒன்றே பிழைப்பு. அவ்வளவு தாராளமாகக் கிடைத்ததால் அதைத் தூய்மைப்படுத்தி, அதற்கு எதிர்ப்பொருள் தயாரித்து, அந்த எதிர்ப்பொருளைத் தூண்டிலாக்கி 1985-இல் மைக் மெக்லர், ஹார்வி லோடிஷ் குழுவினர் மரபணுவைப் பிடித்தார்கள். எஸ்.ஜி.எல்.டி.-1-க்கு இந்த வழி உதவவில்லை. சவ்வில் அது மிகச் சொற்பம். கலிபோர்னியாவில் எர்னஸ்ட் ரைட், மத்தியாஸ் ஹெடிகர் குழுவினர் முயலின் சிறுகுடலிலிருந்து ஆர்.என்.ஏ. எடுத்து, ஆப்பிரிக்கத் தவளையின் முட்டைக்குள் ஊசியால் செலுத்தினார்கள். சோடியத்தோடு சேர்த்துச் சர்க்கரையை இழுக்கத் தொடங்கும் முட்டை எது என்று பார்த்து, அந்த ஆர்.என்.ஏ.வைப் படிப்படியாகப் பிரித்து, 1987-இல் மரபணுவை அடைந்தார்கள். புரதத்தைக் கண்ணால் பார்க்காமல் அதன் வேலையை மட்டும் வைத்து மரபணுவைப் பிடிக்கும் இந்த உத்தி பிறகு எத்தனையோ கடத்திகளுக்குக் கைகொடுத்தது.

சர்க்கரையை அடையாளம் காணும் விதத்திலும் இரண்டும் ஒத்துப்போவதில்லை. புற்றுநோயாளிகளுக்கு எடுக்கும் பெட் ஸ்கேனில் இதை நேரே பார்க்கலாம். அதற்குச் செலுத்தும் எஃப்.டி.ஜி. என்பது இரண்டாவது கார்பனில் ஒரு மாற்றம் செய்யப்பட்ட குளுக்கோஸ். குளூட் அதைச் சாதாரணச் சர்க்கரையாகவே எடுத்துக்கொள்கிறது. குளூட்-1-ஐ மிகையாக வைத்திருக்கும் புற்றுச் செல்கள் அதனால் ஒளிர்கின்றன. எஸ்.ஜி.எல்.டி.க்கோ அந்த இரண்டாவது கார்பன் மாறாமல் இருக்க வேண்டும், அது எஃப்.டி.ஜி.யைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஆகவே சிறுநீரகம் அதை மீட்காமல் விட்டுவிட, ஸ்கேனில் சிறுநீர்ப்பை பளிச்சென்று தெரிகிறது. ஸ்கேனுக்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இவற்றில் எது உடலுக்கு அதிகம் வேண்டியது? மரபணு பழுதுபட்டுப் பிறந்த பிள்ளைகள்தான் இதற்கு விடை தந்திருக்கிறார்கள்.

எஸ்.எல்.சி.5.ஏ.1 மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானால் எஸ்.ஜி.எல்.டி.-1 வேலை செய்யாது. பிறந்த குழந்தை தாய்ப்பால் குடித்த முதல் சில நாட்களிலேயே கடும் வயிற்றுப்போக்கு தொடங்கும். பாலின் லாக்டோஸ் உடைந்தால் வருவது குளுக்கோஸும் கேலக்டோஸும். இரண்டையும் குடல் உறிஞ்ச முடியாது. உறிஞ்சப்படாத சர்க்கரை தண்ணீரை இழுத்து வெளியேற்றும். 1962-இல் இந்த நோய் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. 1991-இல் ரைட் குழுவினர் இரு சகோதரிகளின் மரபணுவைப் படித்து, 664 அமினோ அமிலங்களில் 28-ஆவது இடத்தில் ஒன்றே ஒன்று மாறியிருந்ததே காரணம் என்று காட்டினார்கள். மருந்து என்ன தெரியுமா? பிரக்டோஸ், அதுவும் ஒரு சர்க்கரைதான். பிரக்டோஸை உறிஞ்சுவது குளூட்-5. அதற்கு சோடியம் தேவையில்லை. குளுக்கோஸும் கேலக்டோஸும் நீக்கி, பிரக்டோஸ் சேர்த்த பால்மாவு கொடுத்தால் உயிருக்குப் போராடிய குழந்தை தேறிவிடுகிறது. ஒரு குடும்பம் கைவிட்ட இடத்தில் மறு குடும்பம் தாங்குகிறது.

எஸ்.எல்.சி.5.ஏ.2 பழுதானால் நடப்பது இன்னும் ஆச்சரியம். எஸ்.ஜி.எல்.டி.-2 இல்லாதவர்கள் நாளுக்குப் பல பத்து கிராம் சர்க்கரையைச் சிறுநீரில் இழக்கிறார்கள். சிலர் நூறு கிராமுக்கு மேலும். ஆனாலும் ரத்தச் சர்க்கரை சீராக இருக்கிறது. பெரும்பாலோர் நோயாளியே அல்லர். தற்செயலாகச் சிறுநீர்ப் பரிசோதனை செய்யும்போதுதான் தெரியவருகிறது.

குளூட்-1-க்கு வருவோம். மூளைக்குள் குளுக்கோஸ் போவதற்கு ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் ஒரே முக்கிய வழி இதுதான். 1991-இல், அதே ஆண்டில், நியூயார்க்கில் டாரில் டி விவோவும் உடன் பணியாற்றியவர்களும் வலிப்பு வரும் இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். ரத்தச் சர்க்கரை சரியாக இருந்தது. முதுகுத் தண்டுவட நீரில் மட்டும் சர்க்கரை மிகக் குறைவு. வழக்கமாகத் தண்டுவட நீரில் ரத்தத்தில் உள்ளதைப்போல் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை இருக்கும். இப்பிள்ளைகளிடம் பாதிக்கும் கீழே. ரத்தத்தில் சர்க்கரை நிறைந்திருக்க மூளை பட்டினி கிடக்கிறது. இதற்கு இன்றும் முதல் சிகிச்சை கீட்டோ உணவு: கொழுப்பிலிருந்து உண்டாகும் கீட்டோன்கள் வேறு கடத்தி வழியாக மூளைக்குள் போய்ச் சர்க்கரையின் இடத்தை ஓரளவு நிரப்புகின்றன. சீக்கிரம் தொடங்கினால் வலிப்பு பெருமளவு அடங்குகிறது.

மரபியல் பார்வையில் இங்கே நிதானிக்க வேண்டிய ஓர் இடம் இருக்கிறது. எஸ்.ஜி.எல்.டி.-1 நோய் வர இரண்டு பிரதிகளும் கெட வேண்டும். ஒரு பிரதி மட்டும் கெட்டிருக்கும் பெற்றோர் நன்றாகவே வாழ்கிறார்கள். குளூட்-1 நோய்க்குப் பெரும்பாலும் ஒரு பிரதி கெட்டாலே போதும். குடலின் நீளமும் பரப்பும் அதிகம். கடத்திகள் பாதியானாலும் உறிஞ்ச இடமும் நேரமும் மிச்சமிருக்கிறது. மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரில் அப்படி மிச்சமில்லை. கடத்தி பாதியானால் வரத்து உடனே குறைகிறது, வளரும் மூளை அதைப் பொறுப்பதில்லை. எலிகளில் இரண்டு பிரதிகளையும் நீக்கிப் பார்த்தபோது கரு பிறக்கும் வரைகூட நிலைக்கவில்லை. எஸ்.ஜி.எல்.டி. இல்லாமல் வாழலாம், குளூட்-1 இல்லாமல் முடியாது என்பது என் முடிவு. செலவில்லாத, சாதாரணமான, பாடப்புத்தகம் இரண்டு வரியில் கடந்துபோகும் கடத்திதான் உயிரின் ஆதாரம்.

மருத்துவம் எஸ்.ஜி.எல்.டி.யை இரண்டு முறை பயன்படுத்திக்கொண்டது. ஒரு முறை அதை ஓட விட்டு, மறுமுறை அதை நிறுத்தி.

ஓட விட்டது 1971-இல், வங்கதேசப் போரின் அகதிகள் குவிந்த மேற்கு வங்கத்தின் பன்கானில். காலரா நச்சு குடலிலிருந்து உப்பையும் நீரையும் வெளியே கொட்டச் செய்கிறது, ஆனால் எஸ்.ஜி.எல்.டி.-1-ஐ அது தொடுவதில்லை. சர்க்கரையும் உப்பும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டும் உள்ளே போகும், தண்ணீரும் பின்னாலேயே போகும். நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்த நிலையில் டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் உப்பு-சர்க்கரைக் கரைசலைப் பீப்பாய்களில் கலந்து, உறவினர்களையே கொடுக்கச் செய்தார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு அவர் பொறுப்பில் இருந்தவர்களிடையே 3.6 சதவீதமாக இறங்கியது. 2002-இல் உலக சுகாதார நிறுவனம் திருத்திய ஓ.ஆர்.எஸ். கலவையில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸும் 2.6 கிராம் உப்பும் இருக்கின்றன. மூலக்கூறு எண்ணிக்கையில் குளுக்கோஸும் சோடியமும் சரிசமம். சர்க்கரை கூடினால் குடலில் தங்கித் தண்ணீரை வெளியே இழுக்கும். அதனால்தான் குளிர்பானமும் பாட்டில் ஜூஸும் ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு ஈடாகா.

நிறுத்தியது, சர்க்கரை நோய்க்கான கிளிஃப்ளோசின் மாத்திரைகளின் கதை. ஃப்ளோரிசினை அப்படியே மருந்தாக்க முடியவில்லை. எஸ்.ஜி.எல்.டி.-1, 2 இரண்டையும் அது தடுத்தது. குடலுக்குள் போனதும், பாலின் லாக்டோஸை உடைக்கும் அதே புரதம் ஃப்ளோரிசினையும் உடைத்துவிட்டது. வேதியியலாளர்கள் செய்த மாற்றம் சிறியது, அழகானது: சர்க்கரைத் துண்டையும் மறு துண்டையும் ஆக்சிஜன் வழியாக இணைக்காமல் கார்பனோடு நேரே இணைத்தார்கள், நொதியால் அதை உடைக்க முடியவில்லை. எஸ்.ஜி.எல்.டி.-2-ஐ மட்டும் குறிவைக்கும்படியும் செதுக்கினார்கள். டாபாகிளிஃப்ளோசின் 2012-இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. எம்பாகிளிஃப்ளோசின் 2014-இல் வந்தது. 2015-இல் வெளியான எம்பாகிளிஃப்ளோசின் ஆய்வில், இதயநோயும் சர்க்கரை நோயும் சேர்ந்திருந்தவர்களிடையே இதயம், ரத்தக்குழாய் காரணமான இறப்பு 38 சதவீதம் குறைந்திருந்தது. சர்க்கரைக்கென்று வந்த மாத்திரை இன்று இதயச் செயலிழப்புக்கும் சிறுநீரக நோய்க்கும் தரப்படுகிறது. இந்தியாவில் காப்புரிமை முடிந்தபின் பல நிறுவனங்கள் தயாரிப்பதால் விலையும் இறங்கியிருக்கிறது. பிறவியிலேயே எஸ்.ஜி.எல்.டி.-2 இல்லாதவர்கள் நலமாக வாழ்ந்தார்கள் என்பது, இதைத் தடுக்கத் துணியலாம் என்ற தைரியத்தைத் தந்தது.

குளூட் பக்கம் அப்படியொரு தடுப்பு மருந்து வரவில்லை. ஃப்ளோரிடின் ஆய்வுக்கூடத்தில் பயன்படுகிறது, மருந்துக்கடையில் இல்லை. குளூட்-1-ஐ உடல் முழுக்க மூடினால் மூளை என்னாகும் என்று மேலே பார்த்தோம். ஆனால் குளூட்-4 மட்டும் நாள்தோறும் நம் கையில் இருக்கிறது. தசையிலும் கொழுப்பிலும் இருக்கும் இந்தக் கடத்தி, வழக்கமாகச் செல்லின் உள்ளே சின்னஞ்சிறு பைகளில் பதுங்கியிருக்கிறது. இன்சுலின் வந்ததும் சில நிமிடங்களில் சவ்வுக்கு வந்து சேர்கிறது. 1980-இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியே இதைக் கண்டன. டைப் 2 சர்க்கரை நோயில் தடைபடுவது பெரும்பாலும் இந்த நகர்வுதான். தசை சுருங்கும்போதோ, இன்சுலின் சொல்லாமலே குளூட்-4 மேலே வருகிறது. சாப்பிட்டபின் நடந்தால் சர்க்கரை இறங்குகிறது என்று மருத்துவர்கள் சொல்வதன் மூலக்கூறு விளக்கம் இது. செலவில்லாத கடத்திக்குச் செலவில்லாத சிகிச்சை.

கிளிஃப்ளோசின் சாப்பிடுகிறவர்கள் மூன்றை மறக்க வேண்டாம். சிறுநீர்ப் பரிசோதனையில் சர்க்கரை என்று வந்தால் பதற வேண்டாம். மாத்திரை வேலை செய்கிறது என்றே அர்த்தம். அறுவைசிகிச்சை இருந்தால் சில நாட்கள் முன்பே இதை நிறுத்த வேண்டியிருக்கும். அறுவை மருத்துவரிடமும் மயக்க மருத்துவரிடமும் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். வாந்தி, பட்டினி, நீண்ட விரதம் என்று சாப்பாடு நின்ற நாளில் உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன்களைக் குவிக்கக்கூடும். குளுக்கோமீட்டரில் சர்க்கரை சரியாகத் தெரிந்தாலும் கீட்டோ அமிலத்தன்மை வரலாம். அன்றைக்கு மாத்திரையைப் போடுவதா வேண்டாமா என்று உங்கள் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். மூச்சு வாங்கினாலோ வயிறு வலித்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.